கடைசிப் புத்தகம்: நீண்ட ஃபேன்டஸி தொடரை முடிக்கப்போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நீண்ட ஃபேன்டஸி தொடர் படிக்கிறவர்கள், பாதி வழியில் இருக்கும்போது என்னிடம் கதையைப் பற்றிப் பேசுவார்கள். கடைசிப் புத்தகத்தை நெருங்கியதும் பேச்சு தங்களைப் பற்றித் திரும்பிவிடும். எப்போது எடுப்பது, எப்படிப் படிப்பது, முடித்த பிறகு என்ன செய்வது என்று கேட்பார்கள். அதே சந்தேகங்களைத் திரும்பத் திரும்பக் கேட்டதால், அவர்கள் கேட்ட சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். சில தொடர்களின் பெயர்கள் வரும். எதனுடைய முடிவும் வராது. பயமில்லாமல் படிக்கலாம்.

"அக்கா, கடைசிப் புத்தகம் கைக்கு வந்து ஆறு மாசம் ஆச்சு. பிரிக்கவே மனசு வரல. எனக்கு மட்டும்தான் இப்படியா?"

இல்லை. என்னிடம் அதிகம் பேர் கேட்டது இதைத்தான். பல வருடம் கூடவே வந்த ஆட்களுக்கு என்ன ஆகப்போகிறது என்று தெரிந்துகொள்ளும் ஆசையும், தெரிந்துவிட்டால் அவ்வளவுதான் என்கிற பயமும் ஒன்றாகச் சேர்ந்து கையைக் கட்டிப்போடும். அதில் தப்பு ஒன்றும் இல்லை.

ஆனால் தள்ளிப்போடுவதில் ஒரு நஷ்டம் உண்டு. கடைசிப் புத்தகம் பழைய பாக்கிகளைத் தீர்க்கிற புத்தகம். முதல் புத்தகத்தில் ஒரே ஒரு காட்சியில் வந்துபோன லாடக்காரன் இதில் வந்து வாசலில் நிற்பான். அவனை உங்களுக்கு அடையாளம் தெரியவில்லை என்றால், எழுத்தாளர் பத்து வருடம் சேர்த்துவைத்த காட்சி சும்மா கடந்து போய்விடும். அதனால் காத்திருங்கள், ஆனால் முந்தைய புத்தகத்தின் சூடு ஆறுவதற்குள் எடுங்கள். தொடர்ந்து நாலைந்து நாள் ஓய்வாக இருக்கும் சமயம் பார்த்து ஒரு தேதி வைத்துக்கொண்டால் போதும்.

"முந்தின புத்தகமெல்லாம் மறந்தே போச்சு. மறுபடி முதல்லேருந்து படிக்கணுமா?"

தொடர் எவ்வளவு நீளம் என்பதைப் பொறுத்தது. மூன்று, நான்கு புத்தகம் என்றால் தாராளமாகப் படிக்கலாம். 'வீல் ஆஃப் டைம்' போல 14 பெரிய புத்தகங்கள் என்றால், முதலிலிருந்து கிளம்புகிறவர்களில் பாதிப் பேர் ஆறாவதிலோ ஏழாவதிலோ களைத்து நின்றுவிடுகிறார்கள். கடைசிப் புத்தகம் மறுபடியும் தள்ளிப்போகிறது. நான் சொல்வது இதுதான்: முதல் புத்தகத்தின் முதல் நூறு பக்கம், பிறகு கடைசிக்கு முந்தைய புத்தகம் முழுதும். தொடங்கிய இடமும் நின்ற இடமும் மனதில் இருந்தால் நடுவில் உள்ளவை படிக்கப் படிக்கத் தானாக மேலே வரும்.

பல தொடர்களில் புத்தகத்தின் கடைசியில் பெயர்ப் பட்டியலும் சொல் விளக்கமும் இருக்கும். முந்தைய புத்தகத்தில் உள்ள பட்டியலைப் பாருங்கள். கடைசிப் புத்தகத்தில் உள்ளதை இப்போது தொட வேண்டாம். வாசகர்கள் சேர்ந்து எழுதும் கலைக்களஞ்சியத் தளங்களுக்குத் தப்பித் தவறியும் போகாதீர்கள். ஒருவருடைய கண் என்ன நிறம் என்று பார்க்கப் போவீர்கள். பக்கத்துக் கட்டத்திலேயே அவர் எப்போது, யார் கையால் இறந்தார் என்று எழுதியிருக்கும்.

"முடிக்கிற வரைக்கும் யாரும் கதையை உடைக்காம எப்படித் தப்பிக்கிறது?"

தேடுபொறியில் கதாபாத்திரத்தின் பெயரைத் தட்டாதீர்கள். பெயரைத் தட்டியதுமே 'மரணம்' என்று அதுவாக முடித்துக் காட்டும். ஏற்கெனவே முடித்த நண்பரிடம் "எந்த இடத்துல இருக்கேன்னு நான் சொல்றேன், நீ ஒண்ணும் சொல்லாதே, முகத்துலகூடக் காட்டாதே" என்று கேட்டுக்கொள்ளுங்கள். பொருளடக்கத்தையும் கவனமாகப் பாருங்கள். சில எழுத்தாளர்கள் அத்தியாயத் தலைப்பிலேயே சொல்லிவிடுகிறார்கள்.

தெரிந்தே போய்விட்டது என்றாலும் ஒன்றும் முழுகிவிடவில்லை. என்ன நடக்கும் என்பது மட்டும்தான் தெரியும். எப்படி நடக்கும் என்பது அந்தப் பக்கங்களில் இன்னும் அப்படியே இருக்கிறது.

"ஒரே மூச்சுல முடிக்கிறதா, கொஞ்சம் கொஞ்சமாவா?"

முதல் முக்கால் பங்கை உங்கள் வழக்கம் போலப் படியுங்கள். கடைசிக் கால் பங்குக்கு மட்டும் என் கண்டிப்பான கருத்து: தூக்கம் வரும் கண்ணோடு படிக்காதீர்கள். ஒரு தொடரின் கடைசிப் புத்தகத்தை நான் விடிகாலை மூன்று மணி வரை விடாமல் படித்தேன். ஒருவர் இறந்துபோகும் பத்தியைக் கண் தாண்டிப் போய்விட்டது. இருபது பக்கம் கழித்து இன்னொருத்தி அவருடைய கையுறையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதுதான் எதையோ விட்டுவிட்டோம் என்று புரிந்தது. திரும்பிப் போய் அந்தப் பத்தியைத் தேடிப் படித்தேன். அது நேரில் பார்த்ததாக இல்லாமல் யாரோ சொல்லிக் கேட்ட சேதி போல ஆகிவிட்டது. அந்த முதல் தடவை திரும்பக் கிடைக்கவே இல்லை.

நீளத்தை முன்கூட்டியே தெரிந்துகொள்வதும் உதவும். 'வீல் ஆஃப் டைம்' கடைசிப் புத்தகத்தில் ஒரே ஓர் அத்தியாயம் தனி நாவல் அளவுக்கு நீளும். "இந்த அத்தியாயம் முடிச்சிட்டுத் தூங்கலாம்" என்று உட்கார்ந்தால் விடிந்துவிடும். ஆடியோவாகக் கேட்பவர்களுக்கு அந்தப் புத்தகம் ஏறத்தாழ 42 மணி நேரம்.

இன்னொன்று. அச்சுப் புத்தகத்தில் வலது கைப் பக்கம் எவ்வளவு கனம் மிச்சம் இருக்கிறது என்று விரல்களுக்குத் தெரியும், ஆனால் பின்னிணைப்பு ஏமாற்றும். இன்னும் அறுபது பக்கம் இருக்கிறது என்று நம்பிப் புரட்டினால் சொற்பட்டியல் தொடங்கியிருக்கும். மின்னூலில் இது இன்னும் மோசம். 93 சதவீதத்திலேயே கதை முடிந்து, மிச்சம் வேறொரு புத்தகத்தின் முன்னோட்டமாக இருக்கும். கதை எந்தப் பக்கத்தில் முடிகிறது என்பதை முடித்த ஒருவரிடம் முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கடைசிப் பக்கம் என்று தெரிந்தே கடைசிப் பக்கத்தைப் படிப்பது வேறு அனுபவம்.

"பெரிய சண்டை முடிஞ்சாச்சு. அப்புறமும் நூறு பக்கம் இழுக்குது. வேகமாப் புரட்டிடலாமா?"

வேண்டாம். அந்த நூறு பக்கமும் உங்களுக்காகத்தான் எழுதப்பட்டிருக்கிறது. 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' 1955இல் முடிந்தபோது, முக்கியமான காரியம் முடிந்த பிறகு ஆறு அத்தியாயங்கள் வந்தன. போனவர்கள் வீடு திரும்ப வேண்டும், திரும்பும் வழியில் ஒவ்வொருவரும் பிரிய வேண்டும், போகும்போது இருந்த வீடு இப்போதும் அப்படியே இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எத்தனை தூரம் போனார்களோ அதற்கு ஏற்ற நேரம் திரும்புவதற்கும் வேண்டும்.

அதன் பின்னிணைப்புகளையும் விட்டுவிடாதீர்கள். அரசர் பட்டியலுக்கும் நாட்காட்டிக்கும் நடுவே, நண்பர்களுக்குப் பிற்காலத்தில் என்ன ஆனது என்பது ஆண்டு வாரியாக ஓரிரு வரிகளில் இருக்கிறது. கதைக்குள் அழாதவர்கள் அங்கே அழுதிருக்கிறார்கள்.

"முடிச்சிட்டேன். நாலு நாளா எதுவும் பிடிக்கல. கதைதானே, ஏன் இப்படி ஆகுது?"

நீங்கள் இழந்தது கதையை மட்டும் அல்ல. பல வருடமாக இருந்த ஒரு பழக்கம் ஒரே நாளில் நின்றுபோயிருக்கிறது. ராத்திரி விளக்கை அணைக்கும் முன் கை தானாகத் தலைமாட்டுக்குப் போகும். அங்கே புத்தகம் இருக்கும், ஆனால் அதில் படிக்க ஒன்றும் மிச்சம் இருக்காது. எனக்கு முதல் தடவை இது நடந்தபோது, பக்க அடையாளத்துக்கு வைத்திருந்த பழைய பேருந்துச் சீட்டை எங்கே வைப்பது என்று தெரியாமல் அரை மணி நேரம் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தேன். ஒன்பது புத்தகங்களில் நகர்ந்து நகர்ந்து வந்த சீட்டு அது.

இன்னொரு காரணமும் இருக்கிறது. முதல் புத்தகத்தைப் பள்ளியில் படித்திருப்பீர்கள், கடைசியை வேலைக்குப் போகும் வயதில் முடித்திருப்பீர்கள். 'ஹாரி பாட்டர்' 1997இல் தொடங்கி 2007இல் முடிந்தது. கூடவே வளர்ந்தவர்களுக்கு அது பத்து வருட வயது. அந்த வயதையும் சேர்த்துத்தான் மூடி வைக்கிறீர்கள். வலிக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

என் அனுபவத்தில் ஒன்றிரண்டு வாரத்தில் இது தணியும். அதுவரை, பிடித்த அத்தியாயம் ஒன்றை மட்டும் எடுத்துப் படியுங்கள். முடித்த இன்னொருவரோடு பேசுங்கள். யாரும் இல்லை என்றால் ஒரு தாளில் எழுதுங்கள்: எந்த இடத்தில் புத்தகத்தைக் கீழே வைத்தீர்கள், யாருக்காகப் பயந்தீர்கள். வாரக்கணக்கில் சாப்பாடும் தூக்கமும் கெட்டால் மட்டும், வேறு ஏதோ பாரம் இந்தக் கதையின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். அதை நெருங்கிய ஒருவரிடம், தேவைப்பட்டால் மருத்துவரிடம், சொல்லிவிடுங்கள்.

"முடிவு எனக்குச் சுத்தமாப் பிடிக்கல. பத்து வருஷம் வீணாப் போச்சா?"

வீணாகவில்லை. ஏழாம் புத்தகத்தில் அந்தக் கோட்டை விழுந்த இரவு நீங்கள் தூங்காமல் கிடந்தீர்களே, அது நடந்தது நடந்ததுதான். கடைசி ஐம்பது பக்கத்துக்குப் பின்னோக்கிப் போய் அதை அழிக்கும் சக்தி கிடையாது.

பிடிக்கவில்லை என்றால் என்ன பிடிக்கவில்லை என்று பாருங்கள். நீங்கள் ஆசைப்பட்ட ஆள் அரியணையில் உட்காரவில்லை என்பது ஒரு மாதிரி வருத்தம். எழுத்தாளர் அவசரப்பட்டுவிட்டார், மூன்று புத்தகமாகக் கட்டிய பகையை மூன்று பக்கத்தில் தீர்த்துவிட்டார் என்பது வேறு மாதிரி. தொடக்கத்தில் கொடுத்த வாக்கையே காப்பாற்றவில்லை என்பது இன்னொன்று. உயிர் கொடுத்தால்தான் மந்திரம் பலிக்கும் என்று முதல் புத்தகத்திலேயே சொல்லிவிட்டு, கடைசியில் யாரும் எதுவும் கொடுக்காமலே பலித்தது என்றால் உங்கள் கோபம் நியாயமானது. முதல் வகை வருத்தம் பெரும்பாலும் காலத்தோடு கரையும். மற்ற இரண்டும் கரைவதில்லை.

இதில் எனக்கு நானே வைத்துக்கொண்ட ஒரு விதி உண்டு. முடித்து ஒரு மாதம் வரை முடிவைப் பற்றித் தீர்ப்புச் சொல்வதில்லை. ஏனென்றால் முடிவு பிடிக்கவில்லையா, முடிந்துபோனது பிடிக்கவில்லையா என்று அந்த முதல் நாட்களில் பிரித்தறிய முடிவதில்லை. ஒரு மாதம் கழித்துக் கடைசி மூன்று அத்தியாயங்களை மட்டும் திரும்பப் படிப்பேன். ஒரு தொடரில் முதல் தடவை புத்தகத்தை மூடிவிட்டு எழுந்து போனேன், அவ்வளவு கோபம். திரும்பப் படித்தபோது, அந்த முடிவு முதல் புத்தகத்தின் முன்னுரைக் காட்சியிலேயே சொல்லப்பட்டிருந்தது தெரிந்தது. இன்னொரு தொடரில் இரண்டாம் தடவையும் பிடிக்கவில்லை. இன்றுவரை பிடிக்கவில்லை. ஆனாலும் அதன் முதல் ஐந்து புத்தகங்களை யார் கேட்டாலும் படிக்கச் சொல்கிறேன்.

"எழுத்தாளர் இறந்துட்டார், வேற ஒருத்தர் எழுதி முடிச்சிருக்கார். அதை நிஜ முடிவுன்னு எடுத்துக்கலாமா?"

எப்படி முடித்தார்கள் என்பதைப் பாருங்கள். 'வீல் ஆஃப் டைம்' தொடரை 1990இல் தொடங்கிய ராபர்ட் ஜோர்டன் 2007இல் இறந்தார். தான் இருக்கமாட்டோம் என்று தெரிந்ததும் கடைசிக் காட்சிகளை எழுதியும் சொல்லியும் குறிப்புகளாக விட்டுப்போனார். அவருடைய மனைவியும் அவருடைய நூல்களின் பதிப்பாசிரியருமான ஹாரியட் மெக்டூகல், பிராண்டன் சாண்டர்சன் என்ற எழுத்தாளரைத் தேர்ந்தெடுத்து அந்தக் குறிப்புகளைக் கொடுத்தார். ஒரே புத்தகமாக நினைத்தது மூன்றாக விரிந்து, கடைசிப் புத்தகம் 2013இல் வந்தது.

நடை மாறுவது தெரியும். வாக்கியங்கள் சின்னதாகும், சிலர் பேசும் விதம் கொஞ்சம் வேறாக இருக்கும். முதல் நூறு பக்கம் அது உறுத்தும். எனக்கும் உறுத்தியது. ஆனால் கதை போய்ச் சேரும் இடம் ஜோர்டன் குறித்து வைத்த இடம், அதனால் நான் அதை நிஜ முடிவாகவே எடுத்துக்கொண்டேன். குறிப்பே இல்லாமல் ஊகத்தில் எழுதப்பட்டதாக இருந்தால், அது இன்னொரு வாசகர் கண்ட கனவு என்ற அளவில் படிப்பேன்.

"எங்க எழுத்தாளர் உயிரோடதான் இருக்கார், கடைசிப் புத்தகம்தான் வரல. என்ன பண்றது?"

ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் வாசகர்கள் இதைத்தான் கேட்கிறார்கள். அவருடைய 'எ சாங் ஆஃப் ஐஸ் அண்ட் ஃபயர்' தொடரில் முதல் புத்தகம் 1996, ஐந்தாவது 2011. அதை வைத்து எடுத்த 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' தொலைக்காட்சித் தொடரே 2019இல் முடிந்துவிட்டது. அவரை நெருக்குவதில் பயன் இல்லை. அவசரத்தில் வந்த முடிவு எப்படி இருக்கும் என்று மேலே சொல்லியிருக்கிறேன். கையில் இருப்பதை இருக்கிற வரைக்கும் முழுமையானது என்று வைத்துக்கொண்டு படியுங்கள், வேறு தொடரையும் தொடங்குங்கள்.

"கடைசின்னு அட்டையிலேயே போட்டிருந்தாங்க. இப்ப இன்னொண்ணு வந்திருக்கே?"

அர்சுலா லெ குவினின் 'எர்த்ஸீ' கதைகளில் மூன்றாவது 1972இல் வந்தது. பதினெட்டு வருடம் கழித்து 1990இல் நான்காவது வந்தபோது, 'எர்த்ஸீயின் கடைசிப் புத்தகம்' என்று துணைத்தலைப்பே போட்டார்கள். 2001இல் இன்னும் இரண்டு வந்தன. அந்த நான்காவது, முதல் மூன்றில் ஓரமாக நின்றவர்களின் பக்கமிருந்து அதே உலகத்தைப் பார்க்கிறது. அது வராமல் போயிருந்தால் பெரிய இழப்பு என்பது என் எண்ணம். முடிந்த தொடரில் புதிதாக ஒன்று வந்தால், சொல்ல ஏதோ இருந்து எழுதியிருக்கிறார்களா என்று முதல் ஐம்பது பக்கத்தில் தெரிந்துவிடும். இல்லை என்றால் மூடிவிடலாம், முன்பு முடித்தது உங்களிடம் பத்திரமாகவே இருக்கும்.

"அவங்களுக்கு அப்புறம் என்ன ஆச்சுன்னு தெரியாம தலை வெடிக்குது. எழுத்தாளர் பேட்டியில சொன்னது கணக்குல வருமா?"

இந்த ஏக்கம் புதிது இல்லை. 1950 முதல் 1954 வரை தொடராக வந்த 'பொன்னியின் செல்வன்' ஃபேன்டஸி இல்லை, சரித்திர நாவல். ஆனால் அதை முடித்தவர்களுக்கும் இதே தவிப்புதான். கதையைச் சட்டென்று நிறுத்திவிட்டதாக வாசகர்கள் குறைபட்டுக்கொண்டார்கள். கல்கி முடிவுரை எழுதி, இன்னாருக்குப் பிறகு என்ன ஆயிற்று என்ற கேள்விகளுக்குப் பதில் சொன்னார்.

அந்தப் பதில்கள் புத்தகத்துக்குள்ளேயே இருப்பதால் கணக்கில் வரும் என்பேன். பேட்டியிலும் மேடையிலும் சொன்னவற்றை நான் அப்படி எடுத்துக்கொள்வதில்லை. எழுத்தாளரும் கதை முடிந்த பிறகு நம்மைப் போல அந்த ஆட்களை நினைத்துப் பார்க்கிறார், அவ்வளவுதான். பிடித்திருந்தால் வைத்துக்கொள்ளுங்கள், பிடிக்கவில்லை என்றால் விட்டுவிடுங்கள்.

"கடைசிக்கு முன்னாடியே நிறுத்திக்கலாமா? எனக்கு இது போதும்னு தோணுது."

நிறுத்தலாம். ஸ்டீபன் கிங்கே அப்படிச் சொல்லியிருக்கிறார். 2004இல் வந்த 'டார்க் டவர்' ஏழாம் புத்தகத்தில் ஒரு கட்டத்தில் கதையை நிறுத்தி, இங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள் என்று வாசகரைக் கேட்டுக்கொள்கிறார். அதற்குப் பிறகுதான் கடைசிப் பகுதி வருகிறது. நான் நிற்காமல் உள்ளே போனேன். எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் என் தோழி ஒருத்தி அந்த இடத்தில் மூடி வைத்தாள். இன்றுவரை திறக்கவில்லை, அவளுக்கும் வருத்தம் இல்லை.

"அப்படின்னா கடைசிப் புத்தகத்தை மொத்தமாவே படிக்காம வச்சிருந்தா?"

முதல் கேள்வியில் சொன்னது பயத்தால் தள்ளிப்போடுவது. இது வேறு. டெர்ரி பிராட்செட் 2015 மார்ச்சில் இறந்தார். அவருடைய 'டிஸ்க்வேர்ல்டு' வரிசையின் 41ஆவது நாவல் அதே ஆண்டு ஆகஸ்டில் வந்தது. இனி இல்லை என்று தெரிந்ததால் அதை இன்னும் பிரிக்காமல் வைத்திருக்கும் வாசகர்கள் இருக்கிறார்கள். படிக்காத ஒரு புத்தகமாவது மிச்சம் இருக்கும்வரை அவர் எழுதிக்கொண்டிருப்பதாக ஒரு நிம்மதி. முடிக்காத நாவல் எதுவும் ஒளிந்திருக்கவும் வாய்ப்பில்லை. முடிக்காமல் விட்ட எழுத்துகள் இருந்த வன்தட்டை, அவர் விரும்பியபடியே, 2017இல் ஒரு பழைய நீராவி ரோடு ரோலரை ஏற்றி நசுக்கிவிட்டார்கள்.

எனக்கு மனசு கேட்கவில்லை, படித்துவிட்டேன். அவர் இன்னும் கொஞ்சம் செதுக்கியிருப்பார் என்று தெரிகிற இடங்கள் உண்டு. இருந்தும் விடைபெறுவதற்கென்றே எழுதியது போன்ற பக்கங்கள் அதில் இருக்கின்றன. பிரிக்காமல் வைத்திருப்பவர்களை அவசரப்படுத்த மாட்டேன். ஆனால் எழுதியவர் படிக்கத்தான் எழுதினார் என்பதையும் சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள்.

"அடுத்து என்ன படிக்கிறது?"

சின்னதாக ஒன்று. சிறுகதை, கட்டுரை, வேறு வகை எதுவானாலும் சரி. இன்னொரு பத்துப் புத்தகத் தொடரை உடனே தொடங்காதீர்கள். புதியவர்கள் என்ன செய்தாலும் பழையவர்களோடு ஒப்பிட்டுத் தள்ளிவிடுவீர்கள், அது அவர்களுக்குச் செய்யும் அநியாயம்.

"திரும்ப முதல் புத்தகத்தை எப்ப எடுக்கலாம்?"

நான் குறைந்தது ஒரு வருடம் விடுவேன். பெயர்கள் லேசாக மறக்கத் தொடங்கும்போது எடுத்தால் சரியாக இருக்கும். இந்தத் தடவை என்ன நடக்கும் என்ற பதைப்பு இருக்காது, அதனால் கண் ஓரங்களுக்குப் போகும். முதல் அத்தியாயத்தில் குதிரைக்கு லாடம் அடித்துவிட்டுக் காசு வேண்டாம் என்று சொல்லிப் போகிற ஆளைப் போன தடவை கவனித்திருக்கவே மாட்டீர்கள். இப்போது அவன் யார், எந்த வாசலில் வந்து நிற்கப்போகிறான் என்று உங்களுக்குத் தெரியும். அந்தக் கதையில் வேறு யாருக்கும் இன்னும் தெரியாது.